ஈர்க்குக் கட்டுப் போன்ற குச்சிகள்: சத்தத்தைக் குறைத்து ட்ரம்ஸ் வாசிக்க எந்தச் சோடியை வாங்கலாம்?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்னறைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு மேசைக்கும் இடையில் ஒரு மதிலும் இரண்டு வாழைகளும் மட்டுமே இருக்கின்றன. அந்தப் பின்னறையில்தான் என் ட்ரம்ஸ் நிற்கிறது. பிள்ளை உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகத் தொடங்கிய காலத்தில் ஒரு மாலை அவளுடைய தாயார் மதிலடிக்கு வந்து, "தம்பி, குறை நினைக்காதேங்கோ, பிள்ளை சோதனைக்குப் படிக்குது, கொஞ்சம் மெதுவா அடியுங்கோவன்" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் துளியும் இருக்கவில்லை என்பதால் அந்த வேண்டுகோள் எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. அன்றிரவே மெதுவாக வாசித்துப் பார்த்தேன். ஆனால் வழமையான மரக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தத்தை அடக்க முனையும்போது மணிக்கட்டு இறுகுகிறது, தாளம் தொய்கிறது, பத்து நிமிடத்தில் கை தன்னையறியாமல் பழைய வேகத்துக்கும் பழைய பலத்துக்கும் திரும்பிவிடுகிறது. அதன் பிறகுதான், ட்ரம்ஸ் வாசிப்போர் பொதுவாக 'ரொட்ஸ்' என்று சொல்லும் பல்குச்சிக் கட்டுகளைத் தேடத் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளாக அவற்றில் பல வகைகளை வீட்டிலும், பங்குக் கோயிலிலும், கல்யாண மண்டபங்களிலும் வாசித்துப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன்.

இதுவரை பார்க்காதவர்களுக்காகச் சொல்வதானால், மெல்லிய மரக்குச்சிகள் பலவற்றை ஒன்றாக அடுக்கிப் பிடிப்பகுதியில் இறுகச் சுற்றிக் கட்டிய ஒரு கட்டு அது. தென்னோலை ஈர்க்குகளை ஒரு பிடி எடுத்து அடியில் கட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீளமும் பருமனும் ஏறத்தாழ வழமையான ஸ்டிக்கின் அளவே, அதாவது 16 அங்குலம் வரை இருக்கும். எண்ணம் புதியதன்று. ஜேர்மன் மொழியில் 'ரூட்ட' என்றால் மிலாறு, பிரம்பு என்று பொருள். அந்தப் பெயரிலேயே மிலாற்றுக் கட்டொன்று மேற்கத்திய சிம்பொனி இசைக்குழுக்களில் நெடுங்காலமாகப் பெரிய ட்ரம்மின் மேல் அடிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒஸ்திரிய இசையமைப்பாளர் மாஹ்லர் தம்முடைய இரண்டாவது சிம்பொனியில் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். இன்று கடைகளில் சில கட்டுகள் 'ரூட்' என்ற பெயரில் விற்கப்படுவது அந்த மரபிலிருந்து வந்ததே.

சத்தம் ஏன் குறைகிறது என்பதை விளங்கிக்கொண்டால் தெரிவு பாதி முடிந்துவிடும். வழமையான ஸ்டிக் ஒரே திண்மையான மரம். அதன் முழு எடையும் நுனியிலுள்ள சிறிய குமிழ் வழியாக ஒரே புள்ளியில், ஒரே கணத்தில் தோலைத் தாக்குகிறது. அடித்தோலில் கம்பிகள் பூட்டிய சிறிய ட்ரம்மான ஸ்னேரில் எழும் அந்தக் கூர்மையான வெடிப்பும் உலோகத் தட்டான சிம்பலில் எழும் மணி போன்ற தெறிப்பும் அந்தத் தாக்கத்தின் பிள்ளைகள். கட்டிலோ ஒவ்வொரு குச்சியும் தனித்தனியே வளையக்கூடியது. தோலில் படும்போது அவை சற்று விரிந்து, ஒன்றின்பின் ஒன்றாக, மிகச் சிறிய இடைவெளியில் தொடுகின்றன. அடியின் பலம் பரவுகிறது, ஒரு பகுதி குச்சிகளின் வளைவிலும் அவை ஒன்றோடொன்று உரசுவதிலும் செலவாகிறது. இதனால் அடியின் முதற்கணக் கூர்மை மழுங்குகிறது. காதை உறுத்தும் உயர்ந்த ஒலிகள்தான் அதிகம் குறைகின்றன. ட்ரம்மின் உடலிலிருந்து வரும் நடுத்தர ஒலி பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஆகவே கை இயல்பான வீச்சில் வாசிக்கலாம், தாளம் தொய்யாது, சத்தம் மட்டும் இறங்கும். எனக்கு இந்தக் கட்டுகளின் மேல் மதிப்பு வந்தது இந்த ஒரு காரணத்தாலேயே.

குறைவதற்கு விலை உண்டு, அதைச் சொல்லாமல் எந்தச் சோடியையும் பரிந்துரைக்கக் கூடாது. தாளத்தைத் தொடர்ந்து தட்டிச் செல்லும் ரைட் சிம்பலில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணக்கூடியதாகக் கேட்பது குமிழ் நுனியால்தான். கட்டால் அடித்தால் அந்த 'டிங்' மறைந்து, மணலைத் தகரத்தில் மெல்லக் கொட்டுவது போன்ற ஒரு 'ஷ்' மட்டுமே எஞ்சும். தடித்த சிம்பல் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் தடித்த உலோகத்தை ஒலிக்கச் செய்யப் பலம் வேண்டும். மெல்லிய சிம்பல்கள் கட்டுக்கு நன்றாக இணங்குகின்றன. ஸ்னேரின் வளையத்தில் குச்சியைக் கிடத்தித் தட்டும் 'குறொஸ் ஸ்டிக்' அடியும் சோர்ந்துவிடும். மெதுவான பாட்டுகளில் அந்த அடியைத்தான் நாங்கள் அதிகம் நம்பியிருக்கிறோம் என்பதால், அந்த இடத்தில் நான் கட்டைத் தலைகீழாகத் திருப்பி, இறுகச் சுற்றிய பிடிப்பகுதியால் வளையத்தைத் தட்டுகிறேன். முழுமையாக ஈடாகாது, ஆயினும் சமாளிக்கலாம்.

இனி வகைகள். முதலில் பார்க்க வேண்டியது எத்தனை குச்சி, ஒவ்வொன்றும் எவ்வளவு பருமன் என்பதே. புரோமார்க் நிறுவனத்தின் 'ஹொட் ரொட்ஸ்' இந்த வகையிலேயே பரவலாக அறியப்பட்ட சோடி. அதில் பேர்ச் மரத்தாலான 19 மெல்லிய குச்சிகள் இருக்கின்றன. அதே நிறுவனத்தின் 'லைட்னிங் ரொட்ஸ்', 'தண்டர் ரொட்ஸ்' ஆகியவற்றில் குச்சிகள் 7 மட்டுமே, ஆனால் ஒவ்வொன்றும் பருமனானது. இரண்டில் தண்டரே தடித்தது. எண்ணிக்கை கூடியது சத்தமும் கூடியது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. பருமனான 7 குச்சிகள் குறைவாகவே வளைகின்றன, ஆகையால் அவை மரக்குச்சிக்கு நெருங்கிய சத்தத்தையும், தோலில் பட்டுத் திரும்பி எழும் எழும்பலையும் தருகின்றன. மெல்லிய 19 குச்சிகள் நன்றாக வளைந்து, மிருதுவான, சற்றே விரிந்த ஒலியைத் தருகின்றன.

வீட்டு அறைக்கும் சிறிய தேவாலயத்துக்கும் முதற்சோடி வாங்குகிறவர் 19 குச்சி வகையை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 7 குச்சி வகை எங்களுடைய கல்யாண மண்டபங்களுக்குப் பொருத்தம். சீமெந்துத் தரை, ரைல்ஸ் ஒட்டிய சுவர், திரைச்சீலை இல்லாத யன்னல்கள் என்று எல்லாப் பக்கமும் ஒலியைத் திருப்பி எறியும் அந்த மண்டபங்களில் மரக்குச்சி தாங்க முடியாதது. 19 குச்சிக் கட்டோ ஐந்நூறு பேர் கதைக்கும் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். இடையில் நிற்பது தடித்த 7 குச்சியே.

விக் ஃபெர்த் நிறுவனத்தின் 'ரூட்' வரிசையிலும் பேர்ச் குச்சிகளே உள்ளன; பருமனானதும் மெல்லியதுமாக வெவ்வேறு இலக்கங்களில் வருகின்றன. விக் ஃபெர்த் என்பவர் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் பல தசாப்தங்கள் டிம்பனி என்ற கிண்ண வடிவப் பெரிய ட்ரம்களை வாசித்தவர் என்பதும், இருக்கும் குச்சிகள் தமக்குப் போதாமையால் தாமே செய்யத் தொடங்கினார் என்பதும் இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. அதே நிறுவனத்தில் ஸ்டீவ் ஸ்மித் என்ற வாத்தியக்காரருடன் சேர்ந்து உருவாக்கிய சோடிக்கு வைத்திருக்கும் பெயர் எங்களுக்கு நெருங்கியது: 'தாள வான்ட்', அதாவது தாளக்கோல். தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலைக் கற்று அதைத் தம்முடைய வாசிப்பில் சேர்த்துக்கொண்டவர் அவர். அந்தச் சோடியின் மூங்கில் வகையில் நடுவே மிருதுவான நுரைத் தண்டொன்று இருக்க, அதைச் சுற்றி மூங்கில் குச்சிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நண்பர் ஒருவருக்கு அவருடைய தமையன் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த சோடியை இரண்டு வாரம் இரவல் வாங்கி வாசித்தேன். நுரை நடுவில் இருப்பதால் கட்டு இலேசாகவும் கைக்கு நிறைவாகவும் இருக்கிறது. மூங்கிலின் மேற்றோல் கடினமானது என்பதால் சிம்பலில் பேர்ச் கட்டைவிடச் சற்றுத் தெளிவு கூடுகிறது. விரைவான சிறிய அடிகளை, சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே வாசிப்பதுபோல் நுணுக்கமாக வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இதுவே சிறந்தது. திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு மனமில்லாமல் இருந்தது.

பிளாஸ்ரிக் குச்சிக் கட்டுகளும் உண்டு. நீடித்து உழைக்கும், சிராய் உதிராது. ஒலி எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்னேரில் ஒருவகைச் சப்பென்ற வெறுமை கேட்கிறது. அதைவிட்டு மேலே போகிறேன்.

சில சோடிகளில் நுனிக்கும் பிடிக்கும் இடையில் நகர்த்தக்கூடிய சிறிய இறப்பர் வளையம் ஒன்று இருக்கும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் ஒரு சோடியை மூன்று சோடியாக்குவது அந்த வளையமே. வளையத்தை நுனியை நோக்கித் தள்ளினால் குச்சிகள் ஒன்றோடொன்று இறுகி மரக்குச்சிபோல் நடந்துகொள்ளும். பிடியை நோக்கி இழுத்தால் நுனி விரிந்து ஒலி மிருதுவாகும். எங்கள் கோயிலில் திருப்பலியின் தொடக்கப் பாடலுக்கு வளையத்தை நுனியிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் வைப்பேன். காணிக்கைப் பாடலுக்கு முன் பெருவிரலால் அதை நான்கு விரல் அளவு கீழே உருட்டிவிடுவேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குக்கூட நான் என்ன செய்தேன் என்று தெரியாது. பாட்டின் கீழ் ட்ரம்ஸ் அமர்ந்துவிட்டது மட்டும் கேட்கும். மாதக்கணக்கில் பாவித்த பின் வளையம் தளர்ந்து, வாசிக்கும்போதே தானாக நழுவத் தொடங்கும். அப்போது சைக்கிள் ரியூப்பில் மெல்லிய வளையமாக வெட்டி மாட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், நன்றாக நிற்கிறது.

அடுத்த வீட்டுத் தாயாரிடம் அனுமதி கேட்டு ஒரு சோதனையும் செய்தேன். என்னிடம் பழகும் மாணவனைப் பின்னறையில் வாசிக்க விட்டு, நான் அந்தப் பிள்ளையின் படிப்பு மேசையருகே போய் நின்றேன். மரக்குச்சியால் வாசித்தபோது ஸ்னேரின் ஒவ்வொரு அடியும் நெற்றியில் சுண்டுவதுபோல் வந்தது. ஓங்கி அடிக்கும் கிராஷ் சிம்பல் விழும்போது யன்னற் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளை இதையா தாங்கியிருந்தாள் என்று வெட்கமாக இருந்தது. மாணவன் 19 குச்சிக் கட்டுக்கு மாறியதும் ஸ்னேர் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது, சிம்பல் அநேகமாகக் கேட்கவேயில்லை. ஆனால் 'தும், தும்' என்ற பேஸ் ட்ரம் மட்டும் சற்றும் குறையாமல் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது, மற்றவை அடங்கியதால் முன்னையைவிடத் துலக்கமாகவும் கேட்டது. பேஸ் ட்ரம்மைக் கால் அடிக்கிறது, கைக் குச்சியை மாற்றினால் அது மாறாது. தாழ்ந்த ஒலிகள் சுவரைத் தாண்டுவதில் வல்லவை. இதை யோசிக்காமல் விலையுயர்ந்த கட்டை வாங்கி, பிறகு அயலாரின் முறைப்பாடு தீரவில்லையே என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே கட்டு வாங்குகிற அன்றே பேஸ் ட்ரம்மையும் கவனிக்க வேண்டும். நான் பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை உள்ளே வைத்து, முன் தோலையும் பின் தோலையும் அது தொடும்படி அமர்த்தினேன். பெடலின் சுத்தியலில் பிளாஸ்ரிக் முகத்தைத் திருப்பிவிட்டு ஃபெல்ட் முகத்தை முன்னுக்குக் கொண்டுவந்தேன். குதிகாலைப் பெடலில் ஊன்றி வாசிக்கப் பழகினேன், இது ஒரு மாதம் பிடித்தது. கீழே தடித்த கம்பளமொன்றையும் விரித்த பின் மறுபடி அந்த மேசையருகே போய்க் கேட்டபோது, பக்கத்து அறையில் யாரோ கதவை மெல்லத் தட்டும் அளவுக்கு ஒலி இறங்கியிருந்தது. செலவு கம்பளத்துக்கு மட்டுமே.

கோயில் விடயம் வேறு. அங்கே அயலார் முறைப்பாடு இல்லை. பாடகர் குழாத்தில் பதினைந்து பேர், அவர்களுக்கு இரண்டு ஒலிவாங்கிகள், அதற்கு நடுவில் ஒலியை விழுங்காத உயர்ந்த கூரையின் கீழ் ஒரு ட்ரம்ஸ். ஒளிவிழாவுக்கு முந்திய ஒத்திகையில் முதன்முதலாக ஹொட் ரொட்ஸை எடுத்து வாசித்தேன். இரண்டாவது கரோல் முடிந்ததும் கீபோட் வாசிக்கும் தங்கச்சி திரும்பிப் பார்த்து, "அண்ணா, இண்டைக்குத்தான் நாங்கள் பாடுறது எங்களுக்கே கேட்குது" என்றாள். எத்தனை ஆண்டுகள் அவர்களுடைய குரலை நான் மூடி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாடுகிறவர்கள் ட்ரம்ஸை வெல்வதற்காகத் தொண்டையைக் கிழித்துக் கத்தத் தேவையில்லை என்று ஆனதும் சுருதி தானாகவே சீரடைந்தது. தவிலோடு வளர்ந்த ஊர் எங்களுடையது. திறந்த வீதியில், சுவாமி வெளிவரும் வேளையில் வானத்தை நிறைக்க வேண்டிய முழக்கத்துக்கு நாங்கள் பழகிப்போனவர்கள், அந்த இடத்தில் அந்த முழக்கமே அழகு. நான்கு சுவருக்குள் பதினைந்து பேர் பாடும்போது தேவைப்படும் கை வேறு.

உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த நிறுவனத்தின் கட்டானாலும் மரக்குச்சியைவிட விரைவில் தேயும். மெல்லிய குச்சிகளை ஸ்னேரின் உலோக வளையத்தில் ஓங்கி அடிக்கும் 'ரிம் ஷொட்' அவற்றை நேராக முறிக்கும்; சிம்பலின் விளிம்பில் செங்குத்தாக விழும் அடி நுனியைச் சிராய்சிராயாகக் கிழிக்கும். என் முதற்சோடியை மூன்று வாரத்தில் அழித்தது என்னுடைய ரிம் ஷொட் பழக்கம்தான். சிம்பலை விளிம்பில் வெட்டாமல் பக்கவாட்டில் வழுக்கி அடிக்கப் பழகிய பின் அடுத்த சோடி ஒன்பது மாதம் வந்தது. வெளிக்குச்சி ஒன்று முறிந்தால் கட்டை எறிந்துவிட வேண்டாம். முறிந்த துண்டைச் சிறிய வெட்டியால் வளையத்தின் கீழே அளவாக வெட்டி நீக்கினால், ஒலியில் பெரிய மாற்றம் தெரியாமல் இன்னும் பல வாரம் பாவிக்கலாம். சிராய் கையில் ஏறாதபடி அந்த இடத்தில் மெல்லிய ரேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: மின்னணு ட்ரம்ஸின் வலைத் தோலில் இவற்றால் வாசிக்காதீர்கள். சிராய் வலையைக் கிழித்துவிடும்.

பெயரே இல்லாத மலிவான சோடி ஒன்றையும் ஒருமுறை வாங்கினேன். பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் உறைக்குள் குச்சிகள் ஒட்டப்படாமல் வெறுமனே செருகப்பட்டிருந்தன. இரண்டாவது பாட்டில் ஒரு குச்சி அம்பு போலப் பறந்து காலால் மூடித் திறக்கும் சோடிச் சிம்பலான ஹைஹட்டின் காலடியில் விழுந்தது. ஆகவே கடையில் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பிருந்தால் பிடியை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, நுனியிலுள்ள குச்சிகளை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பாருங்கள். எதுவும் நகரக் கூடாது. இரண்டு கட்டுகளையும் உள்ளங்கையில் கிடத்தி எடையை ஒப்பிடுங்கள். மேசையில் உருட்டி வளைவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாண நகரில் இவை எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. கொழும்பிலிருந்து தருவிக்க வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிட வேண்டும். விலை நல்ல மரக்குச்சிச் சோடியின் இரண்டு மடங்களவு வரக்கூடும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் ஒதுக்க முடியாத மாணவர்கள் மூங்கில் குத்தூசிகளை வைத்துத் தாங்களே கட்டுவதுண்டு. இறைச்சி சுடுவதற்கு விற்கும் நீளமான குத்தூசிகளை எடுத்து, கூர் முனைகளை வெட்டி, உரத்தாளால் தேய்த்து, பிடிப்பகுதியில் மரப்பசை இட்டு, மேலே துணி ரேப் சுற்றினால் நல்லதொரு கட்டு கிடைக்கும். நீளம் சற்றுக் குறைவாக இருக்கும், இரண்டு கட்டுகளும் ஒரே எடையில் அமைவது சிரமம். ஆனாலும் இந்த ஒலி தமக்கு ஏற்றதா என்று அறிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

மாரி காலத்தில் இவற்றைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் எங்கள் வீடுகளில் எதுதான் ஈரம் குடிக்காமல் இருக்கிறது? மெல்லிய பேர்ச் குச்சி ஈரத்தில் வளைந்து, ஒரு கட்டின் குச்சிகள் ஆளுக்கொரு திசையாகத் திரும்பிவிடும். நைலோன் பையில் மூடிக் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, நுனி மேலே இருக்க, உயரமான தட்டில் நிறுத்தி வைப்பதே நல்லது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதை முதற்குச்சியாகக் கொடுக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். என் மாணவன் கட்டை வாங்கி இரண்டு அடி அடித்ததுமே, "சேர், இது திரும்பி எழும்புதில்லை" என்றான். அவன் சொன்னது சரி. தோலில் பட்ட மரக்குச்சி தானாக எழும்பும்; அந்த எழும்பலைப் பிடித்து இரண்டாவது அடியாக மாற்றுவதே ட்ரம்ஸ் கையின் அரிச்சுவடி. கட்டில் எழும்பல் குறைவு, அதில் பழகிய கை ஒவ்வொரு அடியையும் தானே தூக்கி அடிக்கப் பழகிவிடும், பிறகு மரக்குச்சிக்கு வரும்போது திணறும். ஆகவே அவனுக்கு இறப்பர்ப் பலகை ஒன்றில் மரக்குச்சியால் கைப்பயிற்சி. பாட்டுக்குச் சேர்ந்து வாசிக்கும் நேரத்தில் மட்டும் கட்டு. நானும் அந்த முறையையே பின்பற்றுகிறேன்.

இப்போது என் பையில் மரக்குச்சி ஒரு சோடி, 19 குச்சிக் கட்டு இரண்டு சோடி, 7 குச்சிக் கட்டு ஒரு சோடி இருக்கின்றன. 19 குச்சியில் மட்டும் இரண்டு சோடி வைத்திருப்பதற்குக் காரணம், அது பாட்டின் நடுவில் முறியும் என்பதும், நத்தார் வாரத்தில் கொழும்பிலிருந்து இன்னொரு சோடி வந்துசேரப் பத்து நாளாகும் என்பதுமே.